தொழுவத்துல ஒரு வெளிச்சம்

வீட்டுக்காரம்மா போயி ரெண்டு வருஷமாச்சு. அவ வளத்த செவலையப் பாக்கவே மனசு வரல. வித்துடலாம்னு வியாபாரிகிட்ட சொல்லியிருந்தேன்.

லீவுக்கு வந்த மகன் லேப்டாப்புல 'சில்ட்ரன் ஆஃப் மென்' போட்டான். அல்ஃபோன்சோ குவாரோன் 2006ல எடுத்த படம். கதை 2027ல, இங்கிலாந்துல நடக்குது. 18 வருஷமா உலகத்துல ஒரு குழந்தைகூடப் பொறக்கல. தியோ, சின்ன மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். எது எப்படிப் போனா எனக்கென்னன்னு குடிச்சிட்டுத் திரியறான்.

அவனை கீங்கற பொண்ணு மாட்டுக்கொட்டாய்க்குள்ள கூப்பிட்டு வயித்தைக் காட்டறா. சுத்தி கறவை மாடுங்க. மெஷினுக்கு ஒத்துவராத காம்பை வெட்டறதைப் பத்திப் பேசறா பாருங்க, அது நம்ம காதுக்குத் தனியாக் கேட்டுச்சு. அவன் வாயடைச்சு நிக்கறான். அப்புறம் கால்ல ஒழுங்கான செருப்புகூட இல்லாம அவளுக்காக ஓடறான். செத்த மகன் திரும்பி வரல. ஆனா பொறந்தது பொண்ணா இருந்தும், அவன் மகன் பேரையே வெக்கப்போறேன்னு சொல்றா. அங்கதான் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

மகன் தூங்கினதும் டார்ச்சோட தொழுவத்துக்குப் போனேன். செவலைக்கு ஒம்பதாம் மாசச் சினை. மடி பெருத்திருக்கு. காலையில வியாபாரிக்கு போன் போட்டு, வரவேணாம்னுட்டேன்.