1482-இல் காலாவதி

பணம் கட்டிப் புதுப்பித்த மறுநாளே ‘லைசென்ஸ் காலாவதி’ என்று மென்பொருள் சொன்னால், பலரும் கணினியின் கடிகாரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் கேட்பது, விண்டோஸின் ரீஜன் அமைப்பில் எந்த நாடு இருக்கிறது என்று. “எல்லாம் இங்கிலீஷ்தான் சார்” என்று பதில் வரும். அதை நம்புவதில்லை. திரையில் தெரியும் மொழி வேறு, தேதி எழுதும் முறை வேறு. போதாக்குறைக்கு, பின்னணியில் ஓடும் சர்வீஸுக்குத் தனி அமைப்பு உண்டு. ஜன்னலில் ‘செல்லும்’ என்றிருக்கும், சர்வீஸ் ‘செல்லாது’ என்று அடம்பிடிக்கும்.

தாய்லாந்து அமைப்பின் இயல்பு நாட்காட்டி பௌத்த ஆண்டைக் கொண்டது. நம்முடையதைவிட 543 கூடுதல். லைசென்ஸ் கோப்பிலுள்ள 31/12/2025 என்பதை டாட்நெட் நிரல் அங்கே படித்தால் 2025-ஐ பௌத்த ஆண்டாகவே எடுத்துக்கொண்டு 1482-ஐத் தரும். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்குப் பத்து வருடம் முன்பே காலாவதி!

சவூதி அமைப்பில் இருப்பது உம் அல்-குரா நாட்காட்டி. டாட்நெட்டில் அதன் அட்டவணை ஹிஜ்ரி 1500-ஓடு முடிந்துவிடுவதால் 2025 என்றதும் பிழைதான். துருக்கியில் LICENSE-ஐச் சிறிய எழுத்தாக்கினால் புள்ளியில்லாத ‘ı’ வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்பில் அந்தப் பெயர் கிடைக்காது. இந்த எல்லாத் தோல்விகளையும் ஒரே கேட்ச்சில் பிடித்து ‘காலாவதி’ என்று அறிவிக்கும் நிரல்தான் என் பாதி நேரத்தைத் தின்றது. ஆகவே செய்தியைப் பார்ப்பதில்லை. நிரல் படித்தெடுத்த தேதியை அப்படியே லாக்கில் எழுதச் சொல்கிறேன்.

எதிர்த்திசைப் பிழைக்குப் புகாரே வராது. தாய்லாந்துக் கணினி 2568 என்று எழுதிய கோப்பை அமெரிக்கக் கணினி படித்தால் லைசென்ஸ் இன்னும் ஐந்து நூற்றாண்டு ஓடும். வாடிக்கையாளர் எதற்கு வாயைத் திறக்கப்போகிறார்?

புதுக் கோப்புகளுக்கு வைத்தியம் எளிது: தேதியை 2025-12-31 என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவில் வைத்து, டாட்நெட்டில் எந்த நாட்டையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சரோடு எழுதி, அதோடே படிப்பது. உள்ளூர் வடிவம் திரையில் காட்ட மட்டும்.

ஏற்கெனவே வெளியே போன கோப்புகள்தான் தலைவலி. டிஜிட்டல் கையெழுத்திட்டவை, திருத்த முடியாது. ஆண்டு 2500-ஐத் தாண்டினால் 543-ஐக் கழிக்கலாம். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்பதற்கு அப்படி வழியில்லை. ஆண்டுக்கு 132 தேதிகள் இப்படி இரண்டு விதமாகவும் செல்லும். ஓராண்டு லைசென்ஸ் என்றால், வழங்கிய தேதி ஐயமில்லாமல் பதிவாகியிருக்கிறதா என்று தேடுவேன். அங்கிருந்து ஓராண்டுக்குப் பொருந்தும் வாசிப்பை எடுத்துக்கொள்வேன். இல்லாதவர்களுக்குப் புதுக் கோப்பு அனுப்பவேண்டியதுதான்.