மதம் என்ற கட்டம்

2025 மே 8, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. 600-க்கு 541. மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை அரிசிப் பானையைத் திறந்து இரண்டு பிடி அள்ளிக் காணிக்கைப் பையில் போட்டார். நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். அரசுக் கல்லூரியில் கிடைத்தால்தான் உண்டு.

மே 12

சாதிச் சான்றிதழுக்காக உத்திரமேரூர் போனோம். இ-சேவை மையத்தில் நல்ல கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் தலை நிமிராமல் கேட்டுக் கேட்டுத் தட்டினான். பெயர், அப்பா பெயர், கிராமம். பிறகு, "மதம்?" என்றான். நான் மகளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா சர்ட்டிபிகேட்ல இந்து ஆதிதிராவிடர்னு இருக்குதேம்மா, அதையே போட்டுடட்டுமா?" உதவி செய்கிற எண்ணத்தில்தான் கேட்டான். அப்புறம் வருகிறோம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் கணவரைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்படி எழுதிக்கொண்டார்கள். எங்கள் காலனியில் பலரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா ஆபீசில் ஒரு பெயர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று செய்தார்கள். ஆனால் இவள் போன வருஷம் திடப்படுத்தலில் சபை முன்னால் நின்று தன் வாயால் விசுவாசத்தைச் சொன்னவள். அதே வாயால் வேறொன்றைச் சொல்லு என்று நான் எப்படிச் சொல்வேன்?

மே 13

எந்த வேலையும் ஓடவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று பிரசங்கம் மத்தேயு 6:33. தேவனுக்கு முதலிடம். விடிந்ததும் போனைத் தொடுமுன் வேதத்தைத் தொடுங்கள், கூலி வந்தால் தசமபாகத்தை முதலில் எடுத்து வையுங்கள், நெல் அறுத்தால் முதல் மூட்டையைக் கோயிலுக்குக் கொண்டு வாருங்கள் என்றார் ஆயர். நவரை அறுத்ததும் நாங்களும் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றினோம். ஆனாலும் கேட்கக் கேட்கக் கோபம் வந்தது. இதெல்லாம் எங்களால் முடிந்தவை. முடியாத ஒன்றைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

ஆராதனை முடிந்ததும் அவரிடமே கேட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் விளக்கினார். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி இந்து அல்லாதவர் யாரையும் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியில். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-ல் நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம், அதன் அறிக்கை இன்னும் வரவில்லை. நம் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது, அதுவும் டெல்லியில் கிடக்கிறது.

மகள் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று எழுதினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். எஸ்.சி.க்கு உள்ள 18 சதவீதம் கிடையாது. 26.5 சதவீதத்தில், தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற சாதிகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பஞ்சாயத்துத் தனி வார்டில் நிற்க முடியாது. நாளைக்கு ஊர்த்தெருவில் யாராவது சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டமும் துணைக்கு வராது. கல்வி உதவித்தொகையை மட்டும் மாநில அரசு தருகிறது.

"நீங்க என்னங்கய்யா சொல்றீங்க?"

"நான் சொல்லக் கூடாதும்மா. என் பிள்ளைங்க படிச்சு முடிச்சுட்டாங்க."

அந்தப் பதிலுக்காக அவர்மேல் மரியாதை கூடிற்று.

மே 19

அத்தைக்குக் காய்ச்சல். கஷாயம், கஞ்சி.

மே 23

அத்தை எந்த வேளை உலை வைத்தாலும் அரிசி களையுமுன் ஒரு பிடியைத் தனிப் பையில் எடுத்துப் போடுவார். கடன் வாங்கிக் கொண்டுவந்த நொய்யிலும் எடுத்தவர். வீட்டில் பக்தி என்றால் அவர்தான். அதனால் அவர் பேச்சோடு எல்லாம் முடிவாகிவிடும் என்று எண்ணிக் கேட்டேன்.

"இந்துன்னே போடு" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "ஊர்த்தெருவுக்குப் பைப்பு வந்து எத்தினியோ வருசம் கழிச்சு காலனிக்கு வந்துச்சு. அப்ப எவனாவது நீ கிறிஸ்டினான்னு கேட்டானா? டீக்கடையில தனி கிளாஸ் குடுத்தானே, அப்ப கேட்டானா? தள்ளி வெக்கிறப்ப மதம் பாக்கல. குடுக்கிறப்ப மட்டும் பாக்கிறான். இவ யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கு சர்ட்டிபிகேட்டு வேணாம்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மகள்தான் பேசினாள். "அப்ப பிடி அரிசியையும் மனசுலயே எடுத்து வெச்சுக்கலாமே ஆயா?"

அத்தை படுத்துக்கொண்டார். ராத்திரி நான் உலை வைத்தபோது மகள் வந்து ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

மே 27

தாலுகா ஆபீசில் விசாரிக்கப் போனேன். அதிகாரி வரவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் நடந்தேன். 919, 921 என்று பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலைத் தேர்தல். பள்ளியில் எங்கள் ஊர்ப் பெருமை என்று மனப்பாடம் செய்தது. இன்று அதிலுள்ள தகுதிகள்தான் நினைவில் ஓடின. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதம் கற்றிருக்க வேண்டும். எங்கள் பாட்டன்மார் பெயர் அந்தக் குடத்துக்குள் ஒருநாளும் விழுந்திருக்காது.

ஜூன் 1, ஞாயிறு

கொழுந்தனார் வந்திருந்தார். எஸ்.சி. ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர். பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வைத்தார். புதுச்சேரிப் பெண் ஒருவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்ன தீர்ப்பு. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்று.

"அண்ணி, இவ கிறிஸ்டியன்னு எழுதினா அப்பன் யாரு, சித்தப்பன் யாருன்னு தோண்டுவாங்க. எனக்கும் சின்னப் பிள்ளைங்க இருக்குதுங்க."

மகள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் போகும்போது, "சித்தப்பா, நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

என் பிள்ளைக்கு நஷ்டம் என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இதுவரை நினைத்தேன். அடுத்தவர் வீட்டுச் சோற்றை வைத்து நான் ஆண்டவருக்கு முதலிடம் கொடுக்கலாமா?

ஜூன் 2

தூக்கம் இல்லை.

ஜூன் 4

விண்ணப்பம் இன்னும் போடவில்லை. மகள் வெள்ளைத்தாளில் எல்லாக் கட்டங்களையும் எழுதி வைத்திருக்கிறாள். மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று எழுதியிருக்கிறாள். என் கணவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏழைகளை மட்டும், அதிலும் எங்கள் காலனிகளை மட்டும், ஒரு சட்டம் 75 வருஷமாக இந்தக் கட்டத்தின் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறது. இதை வாசிக்கிற கிறிஸ்தவர்களே, அடுத்த முறை உங்கள் சபையில் மத்தேயு 6:33 பிரசங்கிக்கப்படும்போது, 1950 ஆணையின் மூன்றாம் பத்தியையும் சபைக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.