எண்ணெய்ப் பரோட்டாவும் மூணு ஏக்கர் கரிசலும்

மக்காச்சோளம் வித்த காசு கைக்கு வந்ததும் ஒரு ராத்திரி விருதுநகர் போய்ப் பரோட்டா சாப்பிடுவது எங்கள் செட்டில் பல வருஷப் பழக்கம். நாலு பேர், ரெண்டு பைக். "உரக்கடைப் பாக்கி கிடக்கு, தொரைக்குப் பரோட்டா கேக்குதாக்கும்" என்று வீட்டில் ஒரு வசவு விழும். அதையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவோம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு விளக்கம். நீங்கள் சாப்பிடுவது கல்லில் வேகவைத்து, அடுக்கி, ரெண்டு கையாலும் அடித்து எடுக்கிற மெத்தென்ற பரோட்டா. விருதுநகர்ப் பரோட்டா எண்ணெயில் பொரிகிறது. மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி ஊறவிட்டு, மாஸ்டர் அதை வீசிச் சுருட்டுகிற வரைக்கும் எல்லா ஊரும் ஒண்ணுதான். அப்புறம் எண்ணெய் தேங்கி நிற்கிற அகலமான கல்லில் விழுந்து, ஓரமெல்லாம் முறுகிச் சிவந்து வரும். எண்ணெயும் பருப்பும் வத்தலும் வித்து வளர்ந்த ஊர் அது. அங்கே எண்ணெய்க்கு என்ன பஞ்சம்? இலையில் விழுந்ததும் நொறுக்கிப் போட்டு, சால்னாவை ஊற்றி, கொஞ்சம் பொறுக்கணும். முழுசா ஊறவும் கூடாது, காய்ஞ்சு கிடக்கவும் கூடாது.

நாங்கள் போகிறது பழைய கடை. மரப் பெஞ்சு, தகரக் கூரை, வாசலிலேயே அடுப்பு. மெனு கார்டெல்லாம் கிடையாது. பையன் வந்து சுக்கா, ஈரல், காடை, ஆஃபாயில் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். சால்னா கேட்கக் கேட்க வரும்.

ஊர் டீக்கடையில் பேச முடியாததை இங்கேதான் பேசுவோம். அங்கே கடன் என்று வாயெடுத்தால் பொழுது அடைவதற்குள் மாமியார் வீடு வரைக்கும் போய்விடும். இங்கே பக்கத்துப் பெஞ்சில் லாரி டிரைவர். நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இந்தத் தடவை போனபோது மாஸ்டர் கொத்துப் பரோட்டாவுக்கு இரும்பை எடுத்து டங்கு டங்கு என்று ஆரம்பித்த நேரம் பார்த்து, எங்கள் கூட்டாளி ஒருத்தன் சொன்னான். "மூணு ஏக்கரையும் சோலார் கம்பெனிக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன் மாப்ள."

சத்தத்தில் காதில் விழாத மாதிரி கொஞ்ச நேரம் எல்லோரும் இலையைப் பார்த்தோம்.

அவன் புஞ்சை நடுவில் இருக்கிறது. என் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையும், மேட்டுத் தண்ணி ஓடைக்கு இறங்குகிற வாய்க்காலும் அவன் வரப்போரம்தான். அங்கே கம்பிவேலி விழுந்தால் என் காட்டுக்கு டிராக்டர் போகாது. மழை பெய்தால் தண்ணியும் வடியாது. ஆனால் அவனை எந்த வாயால் வேண்டாம் என்று சொல்ல? 2018-ல் படைப்புழு வந்து சோளக்குருத்தையெல்லாம் தின்றது. அதில் விழுந்த கடன் இன்னும் முழுசா அடையவில்லை. அப்புறம் வருஷம் தவறாமல் காட்டுப்பன்னி. மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். நிலம் சோறு போடுகிறது, பீஸ் கட்டவில்லை.

"அட்வான்ஸ் வாங்கிட்டியா?" என்று டிராக்டர் வைத்திருப்பவன் கேட்டான்.

"இல்லடா. வாங்கியிருந்தா உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்?"

அந்த ஒரு சொல்லில் பெஞ்சு கொஞ்சம் இளகியது. அடுத்த செட்டுப் பரோட்டா வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டோம். நாங்கள் மூணு பேரும் சேர்ந்து அவன் நிலத்தை மூணு வருஷத்துக்கு ஒத்திக்குப் பிடிப்பது. பணத்தை இப்போதே கொடுத்துவிடுவது. அதுவரை வெள்ளாமை எங்களுக்கு. அவன் பணத்தைத் திருப்பினால் நிலம் அவனுக்கு. கம்பெனி சொல்கிற விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. பீஸுக்கு வரும், அவ்வளவுதான். நாங்கள் மூணு பேரும் சங்கத்தில் நகையை வைத்தால்தான் அந்தப் பணமும் புரளும்.

அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றான். அப்புறம் நாங்கள் தடுக்கத் தடுக்க பில்லை அவனே கொடுத்தான்.

இன்னும் பதில் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் நெருக்குகிற மாதிரி ஆகிவிடும். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் கோடை உழவு ஆரம்பிக்கும். அவன் புஞ்சையில் டிராக்டர் இறங்குகிறதா என்று பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.