மூச்சு மிகும்போது

மூச்சுத் திணறுகிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் காற்றுப் போதவில்லை என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். சில வேளைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. உடலின் தேவையை மிஞ்சி மூச்சு விடுவதாலேயே விரல்களும் உதடுகளும் விறுவிறுத்து, தலை சுற்றி, மனிதர் விழும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

தொண்ணூறுகளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த என் போன்றவர்களுக்குச் செத்தவீடுகளே பெரும்பாலும் செய்திக்களமாக இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் விம்மி விம்மி அழுது, ஒரு கட்டத்தில் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் குவிந்து விறைத்துக் கிடந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். "வலிப்பு வந்திட்டுது, இரும்பைக் கையிலை குடுங்கோ" என்று யாராவது சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சற்றுத் தள்ளி நிற்கும் வேறொருவர், "எல்லாம் நடிப்பு" என்று முணுமுணுப்பார். அது வலிப்புமல்ல, நடிப்புமல்ல என்று வைத்திய நண்பர் ஒருவர் பின்னாளில் எனக்கு விளக்கினார்.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஓடும்போது மூச்சு வேகமாகிறது. ஆனால் தசைகளும் அப்போது கூடுதலான காபனீரொட்சைட்டை உண்டாக்குவதால் கணக்குச் சரியாகிவிடுகிறது. அச்சத்திலோ துயரத்திலோ இருந்த இடத்திலேயே மூச்சு வேகமெடுக்கும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. குருதியில் ஒட்சிசன் ஏற்கனவே ஏறத்தாழ நிறைந்திருப்பதால் அதில் பெரிய இலாபம் எதுவுமில்லை. காபனீரொட்சைட்டுத்தான் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதை வெறும் கழிவென்று பள்ளியில் படித்தோம். ஆனால் மூச்சின் வேகத்தை முதன்மையாக நெறிப்படுத்துவது அதுவே என்பதை ஹோல்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் 1905ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர்.

அந்த வாயு குறைந்ததும் குருதியின் அமிலத்தன்மை குறைந்து, காரத்தன்மை மேலோங்குகிறது. பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எல்லைக்குள் நிற்க வேண்டியது. அதைத் தாண்டுகையில், குருதியில் தனித்து உலவும் கல்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கல்சியம் குறைவதில்லை. நரம்புகளுக்குப் பயன்படும் பங்குதான் குறைகிறது. நரம்புகளை அமைதியாக வைத்திருப்பது அந்தப் பங்கே. அது குறைந்ததும் அவை காரணமின்றியே சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்குகின்றன. விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் ஊசி குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் தோன்றுகிறது. முற்றினால் கைகள் விறைத்துவிடும். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்களும் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. சாகப்போகிறோம் என்ற பயம் பிடிக்க, மூச்சு இன்னும் வேகமாகிறது.

இந்தச் சுழலை அறுப்பதற்கு அருகில் ஒருவர் பதறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டத்தை விலக்கி, அவரை அமரவைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை எடுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து வெளியே விடும்படி, கூடவே எண்ணிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் விறுவிறுப்பு தணியத் தொடங்கும். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் செய்யும் பழைய முறையை இன்று வைத்தியர்கள் பொதுவாக ஏற்பதில்லை. இருதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவருக்கு அது ஆபத்தாகலாம்.

வேகமான மூச்சு எல்லாமே பயத்தால் வருவதுமல்ல. மாரடைப்பு, ஆஸ்துமா, கட்டுப்பாடு இழந்த நீரிழிவு ஆகியவற்றிலும் அது வரும். நெஞ்சு நோ இருந்தாலோ, உடலின் ஒரு பக்கம் மட்டும் விறைத்தாலோ, முதல் தடவையாக இவ்வாறு நேர்ந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பயம்தான் காரணம் என்று வைத்தியர் உறுதிசெய்த பின்னரும், "ஒன்றுமில்லை" என்று தட்டிக்கழிக்காதீர்கள். துயரம் மனதில் தொடங்கியிருக்கலாம். ஆனால் விறைத்த அந்தக் கைகள் பொய் சொல்லவில்லை.