டப்பா பாலும் 26 வாரமும்

டப்பா பால் குடிக்கும் குழந்தை கொழுகொழுவென வளரும் என்பார்கள். பொய்யில்லை. சரியான அளவில் கரைத்தால் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அது வேகமாகவே எடை கூடும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வளர்ச்சி அளவுகோலை வகுத்தது, தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்துதான்.

பாடியில் எங்கள் தெரு அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பிள்ளை பெற்ற இரண்டாம் மாதமே வேலைக்குப் போனார். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். டப்பா சீக்கிரம் தீரக் கூடாதென்று பாட்டி மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார். வயிறு நிறைந்தது, எடை ஏறவில்லை. ‘இவங்களுக்கு எங்க தெரியப்போகுது’ என்று சலித்துக்கொண்டவர்களை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

தோழர்களே, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க ஆறு மாதச் சம்பளம் வேண்டும். 2017 சட்டத் திருத்தம் முதலிரண்டு பேறுகளுக்கு 26 வாரம் ஆக்கியது. பேறுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவருக்கும் உண்டு. அந்த 80 நாளைக் காட்டும் வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது.