பெயர் கேட்டு நின்றவர்கள்

போன செமஸ்டர் எங்களுக்கு ரஷ்ய வரலாறு ஒரு பாடம். சத்தியமாச் சொன்னால் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. நேர அட்டவணையில் அதுதான் மிஞ்சிக் கிடந்தது, நாலு பேரும் சேர்ந்து எடுத்தம். நோட்ஸ் முழுக்க ஆண்டுகள்தான்: 1703, 1812, 1861, 1905, 1917. எக்ஸாமுக்கு முதல் கிழமை கன்டீனில் இருந்துகொண்டு ஒருத்தி ஆண்டைச் சொல்ல, மற்றவர்கள் சம்பவத்தைச் சொல்லுவம். படிப்பு அப்படித்தான் போனது.

1861 வந்தது. "பண்ணையடிமை முறை ஒழிப்பு. இரண்டாம் அலெக்சாண்டர். சுமார் 2 கோடி 30 லட்சம் பேர்" என்று ஒருவன் ஒப்புவித்தான். "அவ்வளவு பேரையும் ஆரடா எண்ணினது?" என்று மற்றவள் கேட்டாள். பகிடிக்குக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்விதான் எங்களைக் கடைசிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

எண்ணத் தொடங்கியவர் முதலாம் பீட்டர். படைக்குக் காசு வேணும். அதற்குத் தலைவரி வேணும். தலைவரிக்குத் தலைக்கணக்கு வேணும். 1718இல் கணக்கெடுக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. வரி கட்டவேண்டிய ஒவ்வோர் ஆணும் அந்தப் பதிவேட்டில் ஓர் 'ஆன்மா'. பண்ணையாரின் செல்வமும் அப்படித்தான் அளக்கப்பட்டது, இவருக்கு இருநூறு ஆன்மா, அவருக்கு ஆயிரம் ஆன்மா என்று. ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் இடையில் எத்தனையோ வருடங்கள் போகும். அதற்குள் செத்துப்போனவன் காகிதத்தில் உயிரோடு இருப்பான். அவனுக்கும் வரி கட்டவேணும்.

கோகொல் 1842இல் வெளியிட்ட 'இறந்த ஆன்மாக்கள்' நாவலின் கதையே இந்த ஓட்டைக்குள்தான் ஓடுகிறது. சிச்சிக்கோவ் என்றொருவன் ஊர் ஊராகப் போய், செத்துப்போன பண்ணையடிமைகளைப் பதிவேட்டுக் கணக்கில் வாங்குகிறான், அடகு வைத்துக் கடன் எடுக்கிறதுக்கு. நாங்கள் முதலில் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்க ஏலாமல் போனது. செத்தவனை விற்பது சட்டத்துக்கு விநோதமாகப் படவேயில்லை, ஏனென்றால் உயிரோடு இருந்தவனையும் அப்படித்தான் விற்றார்கள்.

செக்கோவின் தாத்தாவும் அப்படியொரு பண்ணையடிமைதான். 1841இல் காசு கொடுத்துத் தன் குடும்பத்தை மீட்டவர். பேரன் டொக்டராகி எழுத்தாளருமாகி, முப்பது வயதில், 1890இல், சைபீரியாவைத் தாண்டி சகாலின் தீவுக்குப் போனார். அது கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த தீவு. அந்த நேரமே அவருக்குச் சளியில் இரத்தம் வரத் தொடங்கியிருந்தது. அங்கே அவர் செய்த வேலை எங்களுக்கு ஆச்சரியம். அட்டைகள் அச்சடித்து வைத்துக்கொண்டு, விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பி, குடிசை குடிசையாகப் போய், தனியாளாகக் குடிசன மதிப்பீடு எடுத்தார். பெயர், வயது, பிறந்த இடம், தீவுக்கு வந்த ஆண்டு, எழுத வாசிக்கத் தெரியுமா, கலியாணம் முடித்தவரா. மூன்று மாதத்தில் சுமார் 10,000 அட்டைகள்.

அரசாங்கத்திடம் கணக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அட்டையை நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு வாசலிலும் நின்று கதைத்தே ஆகவேணும். அப்படிக் கதைத்தவற்றில் ஒன்றை அவருடைய 'சகாலின் தீவு' நூலில் வாசித்தம். பத்து வயதுப் பெடியனிடம் தகப்பனின் தந்தைவழிப் பெயரைக் கேட்கிறார். தெரியாது என்கிறான். தகப்பனோடு இருந்துகொண்டு பெயர் தெரியாதா என்று கேட்டால், அவர் உண்மையான அப்பா இல்லை என்கிறான். தங்கள் பெயரையே மறைத்து, 'உறவை நினைவில்லாதவன்' என்று பதிவாகியிருந்த கைதிகளும் அங்கே இருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் வந்த கப்பல் கொழும்பிலும் நின்றது. கண்டிக்கும் போனார், இலங்கையைச் சொர்க்கம் என்று எழுதினார், கீரி வாங்கிக்கொண்டு மொஸ்கோ போனார். இந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே பயணத்தில் செத்துப்போன இருவரைக் கடலில் இறக்கியதைக் கண்டுவிட்டு வந்தவர் அவர். கப்பலிலேயே செத்து, துணியில் சுற்றிக் கடலில் விடப்படும் ஒரு சாதாரணப் படைவீரனின் கதையான 'கூசெவ்', அவர் மனதில் உருவானது இலங்கையில்தான். கீரிக் கதையை மட்டும் சொல்லித்தந்து, கூசெவின் கதையை ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை என்று யோசிச்சம்.

பிறகு 1937. நோட்ஸில் ஒரே வரி: 1937, 1938 இரண்டு ஆண்டுகளில் சோவியத் நாட்டில் 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். இந்தத் தடவை எண்ணியதும் அரசுதான். எத்தனை பேரைப் பிடிக்கவேணும், எத்தனை பேரைச் சுடவேணும் என்று மாகாணத்துக்கு மாகாணம் முன்கூட்டியே இலக்கம் கொடுத்திருந்தார்கள். சுடப்பட்டவர்களின் வீட்டாருக்கு உண்மையைச் சொல்லவில்லை. "கடிதம் எழுதும் உரிமையில்லாமல் பத்து வருடம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

லீதியா சுகோவ்ஸ்கயாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். அவருடைய கணவர் மத்வேய் பிரொன்ஸ்டைன் இயற்பியலாளர். 1938 பெப்ரவரியில், 31 வயதில், சுடப்பட்டார். லெனின்கிராட் சிறை வாசலில் வரிசையில் நின்ற பெண்களில் லீதியாவும் ஒருவர், மகன் கைதாகியிருந்த கவிஞர் அன்னா அக்மதோவாவும் ஒருவர். அக்மதோவா தன் 'இரங்கற்பா'வின் வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். லீதியா மனப்பாடம் செய்வார். உடனே காகிதத்தைச் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார்கள். சுவருக்கும் காதிருந்த காலம். அந்தக் கவிதை சோவியத் நாட்டில் அச்சாக 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எங்களுக்குள் கதை நின்றுபோச்சு. எங்களில் ஒருத்தியின் மாமா 2009இலிருந்து இல்லை. அவளுடைய அம்மம்மா எத்தனை ஆணைக்குழுவுக்கு எத்தனை படிவம் நிரப்பியிருப்பா என்று அவளுக்கே தெரியாது. "ஒவ்வொரு தரமும் முதல் கேள்வி பெயர்தான். எழுதிக் குடுத்தாச்சு. பிறகு திரும்ப வந்து அதையே கேக்கிறாங்கள்" என்றாள். ரஷ்யாவும் எங்கட ஊரும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. காரணங்கள் வேறு, காலம் வேறு, ஆட்கள் வேறு. ஆனால் "கடிதம் எழுதும் உரிமையில்லாமல்" என்ற அந்த வசனத்தை எங்களில் மூன்று பேர் ஒரு தகவலாகத்தான் வாசிச்சம். அவள் அதைப் பதிலாக வாசித்தாள்.

2007இலிருந்து ஒவ்வோர் ஒக்டோபர் 29ஆம் திகதியும் மொஸ்கோவின் லூபியாங்கா சதுக்கத்தில் சனம் வரிசையில் நின்றது. இரகசியப் பொலிஸின் தலைமையகத்துக்கு எதிரே ஒரு பெருங்கல் இருக்கிறது. சொலவெத்ஸ்கி தீவின் தடுப்பு முகாம் இருந்த இடத்திலிருந்து கொண்டுவந்து 1990இல் வைத்தது. மெமோரியல் அமைப்பு ஒழுங்கு செய்த அந்த நிகழ்வுக்குப் 'பெயர்களைத் திருப்பிக் கொடுத்தல்' என்று பெயர். காலையிலிருந்து இரவு வரைக்கும் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன் வந்து பெயர், வயது, தொழில், சுடப்பட்ட திகதி ஆகியவற்றை வாசிப்பார்கள். சிலர் கடைசியில் தங்கள் சொந்தத் தாத்தாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவார்கள். 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் மெமோரியலைக் கலைக்க உத்தரவிட்டது. அடுத்த வருடம் அதே அமைப்புக்கு நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது.

செத்தவர்களின் பெயரை வாசிப்பதில் ஓர் அரசுக்கு என்ன பயம் என்று முதலில் விளங்கேல்லை. இப்ப கொஞ்சம் விளங்குது. எண்ணிக்கையைப் புத்தகத்தில் போட்டு மூடிவிடலாம். ஒரு பெயரை வாசித்தால், அவரைக் கடைசியாக ஆர் கூட்டிக்கொண்டு போனது என்ற கேள்வி பின்னால் வரும்.

எக்ஸாம் முடிந்தது, பாஸும் பண்ணிட்டம். இப்ப ஜூனியர்களுக்கு அதே பாடத்தில் குப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஆண்டுகளைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேணும், அதுக்குத்தான் மாக்ஸ். ஆனால் 1861க்கு வந்ததும் "அவ்வளவு பேரையும் ஆர் எண்ணினது?" என்று கேட்கிறதாக முடிவெடுத்திருக்கிறம். 1937க்கு வந்தால் இலக்கத்தைச் சொல்லமுதல் ஒரு பெயர் சொல்லுவம்: மத்வேய் பிரொன்ஸ்டைன், 31 வயது, இயற்பியலாளர். பெயரைத் தெரிவு செய்தது அவள்தான்.