வாடைக்காற்றில் ஒரு மரதன்

"உழைத்தால் பலன் நிச்சயம்" என்று இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் முழங்கி வந்தவன் நான். அந்த வாக்கியம் முழு உண்மையன்று என்பதை எனக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று; நிலாவெளியிலிருந்து குச்சவெளிக்குச் செல்லும் கடலோரத் தெருவே கற்பித்தது. அந்தக் கதையைச் சொல்லுகிறேன்.

2024ஆம் ஆண்டு பிறந்து சில வாரங்களில், வைத்தியர் என் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், சீனி எல்லையில் நிற்கிறது, இனி நீங்கள் தினமும் நடக்க வேண்டும்" என்றார். வேறொருவருக்கு அது சாதாரண எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். என் தந்தையாரோ நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர். தம் கடைசி ஆறு ஆண்டுகளையும் திண்ணையிலிருந்து தெருவைப் பார்த்தபடியே கழித்தார். ஆகவே, வைத்தியர் நடக்கச் சொன்னதும் நான் ஓடவே தொடங்கிவிட்டேன்.

முதல் நாள் அரைக் கிலோமீற்றரிலேயே மூச்சு வாங்கிற்று. என்னைக் கண்டு உற்சாகம் கொண்டவை தெருநாய்கள் மாத்திரமே. எனினும் விடவில்லை. பங்குனியில் ஐந்து கிலோமீற்றர், ஆனியில் பதினைந்து என்று தூரம் வளர்ந்தது. ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று தரையின் வெப்பத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து முகத்தில் வீசும். அதற்கு அஞ்சி அதிகாலை நான்கரை மணிக்கே புறப்பட்டு, புறாமலைத் தீவுக்கப்பால் சூரியன் எழும் வேளையில் வீடு திரும்பிவிடுவேன். ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 32 கிலோமீற்றர் ஓடி முடித்தேன். முழு மரதன் ஓடிப் பார்க்கும் ஆசை அன்றுதான் முளைத்தது.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அத்தூரம் 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. எங்கள் வாசலிலிருந்து வடக்கே குச்சவெளிப் பக்கமாக 21 கிலோமீற்றர் சென்று திரும்பினால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். மிச்சத்தை ஒழுங்கையிலே ஓடித் தீர்க்கலாம். உயர்தரப் பரீட்சைக் காலம் தொடங்குமுன் முடித்துவிட எண்ணி, நவம்பர் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். நான்கரை மணி நேரத்தில் முடிப்பது என்று தினக்குறிப்பில் எழுதியும் வைத்தேன். எங்கள் கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே பெய்கிறது என்பதை அறியாதவனா நான்? ஆயினும், ஒன்பது மாதம் உழைத்தவனுக்கு வானம் ஒரு நாள் விட்டுக்கொடுக்காதா என்று உள்ளூர எண்ணியிருந்தேன்.

வானம் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது.

"இந்த மழைக்குள்ள போகத்தான் வேணுமா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் தொடைகளில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இரண்டாம் முறையாகப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த என் மாணவன் ஒருவன், ஜீவனி கரைத்த போத்தல்களைப் பையிலே தொங்கவிட்டபடி நனைந்துகொண்டு நின்றான். அதற்குமேல் யோசிக்க இடமில்லை.

வடக்கு நோக்கி ஓடியதனால் வாடைக்காற்று நேரே முகத்தில் அறைந்தது. இறக்கக்கண்டிப் பாலத்தில் காற்றின் வேகம் என்னை ஓரத்துக்குத் தள்ளியது. அவனும் சைக்கிளை விட்டிறங்கி உருட்டலானான். இருவரும் குனிந்துகொண்டே பாலத்தைக் கடந்தோம். சப்பாத்துக்குள் நீர் நிறைந்து, ஒவ்வோர் அடியும் வயல் சேற்றில் வைத்த அடி போலக் கனத்தது. கும்புறுப்பிட்டியைத் தாண்டும்போதே குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது.

குச்சவெளியில் ஒரு தேநீர்க் கடை ஓரமாக நின்றேன். நின்றதுதான் தவறு. ஓடும்வரை தசைகள் உடம்பைச் சூடாக வைத்திருந்தன; நின்றவுடன் ஈரமும் காற்றுமாகச் சேர்ந்து அந்தச் சூட்டைப் பறித்தன. பற்கள் கிடுகிடுத்தன. கடைக்காரர் சுடச்சுடப் பிளேன்ரீயைக் கையில் தந்து, "மாஸ்டர், இப்ப பஸ் வரும், ஏறிப் போங்க. ஆர் உங்களைக் கேட்கப் போறாங்க?" என்றார்.

உண்மைதான், யாரும் கேட்கப்போவதில்லை. அவ்வேளை ஒரு ஜப்பானியரின் நினைவு வந்தது. 2018 ஏப்ரல் 16ஆம் திகதி பொஸ்ரன் மரதன், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலும் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் நடந்தது. பெயர்பெற்ற வீரர்கள் பலர் பாதி வழியில் விலகினர். அன்று வென்றவர் யுகி கவாவுச்சி. அவர் அப்போது அரச உயர்நிலைப் பாடசாலையொன்றின் அலுவலகத்தில் முழுநேர ஊழியர். வேலை போக மிஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்தவர். பெண்களில் வென்ற டெசிரே லிண்டன், ஓட்டத்தின் தொடக்கத்தில் தாமே விலகிவிடலாமென்று எண்ணியவர். அதனால் பின்தங்கிய சக வீராங்கனைக்காகத் தம் வேகத்தைக் குறைத்துத் துணை நின்றார். பிறகு முதலாவதாகவும் வந்தார். அவர்களுக்கும் அன்று நல்ல நாள் கிடைக்கவில்லை. கிடைத்த நாளில் ஓடினார்கள், அவ்வளவே.

பஸ் வந்தது, போயிற்று. நான் தெற்கே திரும்பினேன்.

இப்போது காற்று முதுகில். ஆனால் காலில் வலுவில்லை. ஏறக்குறைய முப்பது கிலோமீற்றரில் உடம்பிலுள்ள மாச்சத்துச் சேமிப்பு வற்றிவிடும் என்பார்கள். அதனை அன்று அனுபவித்தேன். ஒரு கிலோமீற்றர் ஓடி, ஒரு கிலோமீற்றர் நடந்தேன். அவனும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தான். வீடு சேர்ந்தபோது ஐந்து மணி நாற்பது நிமிடங்கள் கழிந்திருந்தன. கைதட்ட ஒருவருமில்லை. மனைவி துவாயை எறிந்துவிட்டுக் குரக்கன் கஞ்சி எடுக்க உள்ளே போனாள். நான் தந்தையாரின் திண்ணையில் அமர்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி வைத்துக்கொண்டு, அவற்றையே நெடுநேரம் பார்த்திருந்தேன்.

நவம்பர் 25ஆம் திகதி பரீட்சை தொடங்கிற்று. இரண்டே நாளில் பெருமழையும் வெள்ளமும் வந்து, 27ஆம் திகதியிலிருந்து பரீட்சை நாடெங்கும் நிறுத்திவைக்கப்பட்டது. அன்றிரவு அவன் தொலைபேசியில் அழைத்தான். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர், புத்தகங்கள் பரண்மேல்.

"ரெண்டு வருசம் படிச்சது வீண்தானா, சேர்?"

"உழைத்தால் பலன் நிச்சயம்" என்னும் பழைய வாக்கியம் நாவின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பாலத்திலே காற்றடித்தபோது நாம் என்ன செய்தோம்?" என்று கேட்டேன்.

சிறிது மௌனம். "குனிஞ்சுகொண்டு போனோம், சேர்."

டிசம்பர் 4ஆம் திகதி பரீட்சை மீண்டும் தொடங்கியபோது அவன் உறவினர் வீட்டிலிருந்து வந்து எழுதினான். மறு வருடம் பெறுபேறு வெளியாயிற்று. மூன்று பாடங்களிலும் சித்தி. அவன் விரும்பிய துறைக்கு மட்டும் புள்ளிகள் போதவில்லை. வருத்தத்தோடு வந்தவனிடம் என் தினக்குறிப்பைக் காட்டினேன். "நான்கரை மணி" என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, "ஐந்து மணி நாற்பது நிமிடம்" என்று எழுதியிருந்தது. அவன் சிரித்துவிட்டான், இப்போது வேறொரு துறையில் படிக்கிறான்.

பயிற்சி நமக்கு நல்ல வானிலையை வாங்கித் தருவதில்லை. வருகிற வானிலையில் நடந்துபோகக் கால்களைத் தருகிறது. என் மாணாக்கருக்கு இப்பொழுது நான் சொல்வது இவ்வளவே. எனது சீனியும் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது; வாடை வீசும் நாட்களிலும் அதிகாலையில் ஓடுகிறேன்.